கொள்ளுத்தாத்தாவின் ஊருக்குக் கிளம்பும் முன்

திருவண்ணாமலைக்கு வெளிநாட்டார் வருவது புதிதல்ல. 1930-களிலேயே பால் பிரண்டனும் சாமர்செட் மாமும் ரமணரைத் தேடி வந்துவிட்டார்கள். இன்றைக்கும் கார்த்திகை கழிந்து மார்கழி பிறந்தால் செங்கம் சாலையில் வெள்ளைக்காரர்களின் நடமாட்டம் கூடிவிடும். அவர்களுக்கு என்ன வேண்டும் என்பது இந்த ஊருக்குத் தெரியும். மாத வாடகைக்கு அறை, ஓட்டுவதற்கு ஸ்கூட்டர், காரமில்லாத சாப்பாடு என்று எல்லாம் ரமணாசிரமத்தைச் சுற்றியே கிடைக்கிறது.

இன்னொரு கூட்டமும் வருகிறது. அதை ஊர் அவ்வளவாகக் கவனித்ததில்லை. முகத்தைப் பார்த்தால் நம் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரியே இருப்பார்கள். வாயைத் திறந்தால் ஆங்கிலம் வரும், அல்லது பிரெஞ்சு, அல்லது மலாய் கலந்த தமிழ். டர்பனிலிருந்தும் சுவாவிலிருந்தும் போர்ட் லூயியிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் வருகிறவர்கள். அண்ணாமலையார் தரிசனம் முடிந்ததும் கைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து, விடுதி வரவேற்பறையில் நீட்டுவார்கள். "இந்த ஊர் எங்கே இருக்கிறது? எங்கள் தாத்தாவின் தாத்தா இங்கிருந்துதான் கப்பல் ஏறினார்."

அந்தக் கேள்வியை இங்கே வந்து கேட்கக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் முதல் யோசனை. பத்து நாள் விடுமுறையில் வருகிறவர் ஊரைக் கண்டுபிடிப்பதற்கே எட்டு நாளைத் தொலைத்தால், ஊரில் உட்கார்ந்து பேச நேரம் இருக்காது. மூட்டை கட்டுவது கடைசி வாரத்து வேலை. பயணத்துக்கான தயாரிப்பு ஆறு மாதம் முன்பே, காகிதத்தில் தொடங்க வேண்டும்.

முதலில், எந்தக் காகிதம் என்று பார்ப்போம். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் தொடங்கி 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். ஃபிஜிக்குச் சென்னைக் கப்பல்கள் 1903-இல்தான் போகத் தொடங்கின, 1916-இல் நின்றன. ஏறிய ஒவ்வொருவருக்கும் வெள்ளைக்கார அரசாங்கம் பதிவு வைத்தது. ஆட்களைக் கணக்குப் பார்க்க எழுதிய அந்தப் பதிவுதான் இன்றைக்குப் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கும் முக்கிய வழிகாட்டி. நேட்டால் கப்பல் பட்டியல்கள் டர்பனில் இருக்கின்றன. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் அவற்றைக் கணினியில் ஏற்றியிருக்கிறது. ஃபிஜிக்குப் போனவர்களின் கப்பல் சீட்டுகள் சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மொரீஷியஸ்காரர்கள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துக்குப் போக வேண்டும்.

அந்தப் பதிவுச் சீட்டைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். முதலில் ஒரு எண். பிறகு பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி. அடுத்து ஜில்லா, தாலுகா, கிராமம். உயரம் எத்தனை அடி, எத்தனை அங்குலம். கடைசியில் அங்க அடையாளம்: இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு, நெற்றியில் மச்சம் என்பது போல. புகைப்படம் இல்லாத ஒரு மனிதரைப் பற்றி அவர் வம்சத்துக்குக் கிடைக்கும் ஒரே வர்ணனை பெரும்பாலும் அந்தத் தழும்புதான்.

பலரும் தாண்டிப்போகும் கட்டம் ஒன்று சில சீட்டுகளில் உண்டு: ஊரில் இருக்கும் நெருங்கிய உறவினர் யார் என்பது. அண்ணன் பெயரோ தாய்மாமன் பெயரோ எழுதியிருக்கும். கிராமத்தில் போய் விசாரிக்க வேண்டிய பெயர் அதுதான். கப்பல் ஏறியவரை ஊர் மறந்திருக்கும். ஏறாமல் இருந்துவிட்ட அண்ணனின் பேரன்மார் அங்கேயே வாழ்ந்துகொண்டிருக்கலாம்.

அடுத்து ஜில்லா. பெரும்பாலோர் வழி தவறுவது இங்கேதான். 1911 வரை திருவண்ணாமலை தாலுகா தென்னாற்காடு ஜில்லாவில் இருந்தது. அந்த ஆண்டுதான் அதை வடஆற்காட்டோடு சேர்த்தார்கள். நேட்டாலுக்கு ஆள் போவதும் அதே 1911-இல் நின்றுபோனது. ஆகவே திருவண்ணாமலை தாலுகாக்காரர்களின் நேட்டால் சீட்டுகளில் பெரும்பாலும் தென்னாற்காடு என்றே இருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் போய் அலைகிறவர்கள் உண்டு. போளூர், ஆரணி, வந்தவாசிக்காரர்களுக்கு வடஆற்காடு என்று இருக்கும். அந்த வடஆற்காடு பிறகு பல துண்டானது. 1989-இல் திருவண்ணாமலை மாவட்டம் பிரிந்தது; 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூரிலிருந்து பிரிந்தன; சித்தூர் பக்கம் ஆந்திராவில் இருக்கிறது. தாலுகா பெயரைத்தான் நம்ப வேண்டும். ஜில்லாவைக் கொண்டு தேடினால் இன்றைய வரைபடம் கைகொடுக்காது.

கிராமத்தின் பெயரில் வரும் குழப்பம் வேறு வகை. பதிவு செய்த குமாஸ்தா காதில் விழுந்ததை இங்கிலீஷில் எழுதினார். சொன்னவருக்கு எழுதத் தெரியாது, சரிபார்க்க வழியில்லை. ழ, ள, ல மூன்றும் ஒன்றாகிவிடும். முன்னால் வரும் கீழ், மேல், சின்ன, பெரிய எல்லாம் காணாமல் போகும். இந்த மாவட்டத்தில் பாடி, பட்டு, பாக்கம், தாங்கல் என்று முடியும் ஊர்கள் எத்தனையோ. ஒரே பெயரில் தாலுகாவுக்கு ஒன்று இருப்பதும் சகஜம். போதாக்குறைக்குச் சிலர் வேண்டுமென்றே வேறு ஊரைச் சொன்னார்கள். கடனுக்குப் பயந்து ஓடியவர், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவர், புருஷனை விட்டு வந்த பெண் ஆகியோர் உண்மையான ஊரைச் சொல்லியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது கப்பலில் இருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. ஒண்டியாக வந்த பெண்களும் அதில் அடக்கம். பாட்டி வழியில் தேடுகிறவர்கள் சீட்டில் இருப்பது பிறந்த ஊரா, வாழ்க்கைப்பட்ட ஊரா என்று யோசித்துக்கொண்டே தேட வேண்டும்.

மலேசியாவிலிருந்து வருகிறவர்களின் நிலை வேறு. அங்கே பெரும்பாலோர் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி அழைத்துப் போனவர்கள். கப்பல் சீட்டுப் போல ஆளுக்கொரு விவரமான காகிதம் கிடைப்பது அபூர்வம். அதற்குப் பதிலாக அவர்களிடம் இருப்பது தபால். பாட்டியின் டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய உறைகள், மணியார்டர் ரசீதுகள், கல்யாணப் பத்திரிகைகள் எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். "நார்த் ஆற்காடு ஜில்லா, போளூர் தாலுகா" என்று தொடங்கும் ஒரு முகவரியில் எந்த அஞ்சலகம் என்பதும் இருக்கும். அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கிளை அஞ்சலகத்தில் வேலை செய்கிறவருக்குத் தன் பகுதியிலுள்ள குக்கிராமங்கள் எல்லாம் அத்துப்படி. இணையத்தில் அஞ்சல் துறையின் பின்கோடு பட்டியலையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஊர்ப் பட்டியலையும் வைத்துக்கொண்டு, ஒரே மாதிரி ஒலிக்கும் ஊர்களை முதலில் மூன்று நான்காகக் குறைத்துக்கொள்ளலாம்.

காகிதத்தில் இல்லாத தடயம் ஒன்று உண்டு. அது குலசாமி. தமிழை மறந்த குடும்பங்கள்கூடச் சாமி பெயரை மறப்பதில்லை. போளூர் பக்கத்துப் படவேட்டு ரேணுகாம்பாளா, பச்சையம்மனும் மன்னார்சாமியுமா, ஊர் எல்லை முனீஸ்வரனா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பூசைக்கு என்ன படைப்பார்கள், கிடா வெட்டா, பொங்கலா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கிராமத்தில் உங்களிடம் கேட்கப்போகும் கேள்விகள் மூன்றுதான்: யார் வீட்டுப் பிள்ளை, எந்த வகையறா, என்ன குலசாமி. ஆதார் அட்டையைவிட இந்த மூன்றுக்கும் அங்கே மதிப்பு அதிகம்.

திரௌபதி அம்மனைச் சொல்லாமல் விட முடியாது. செஞ்சி, திருவண்ணாமலை, செய்யாறு வட்டாரத்தின் தெய்வம் அவள். தென்னாப்பிரிக்காவிலும் ரியூனியனிலும் தீமிதிக்கிறவர்கள் பலர் அவள் பெயரைச் சொல்லித்தான் இறங்குகிறார்கள். இங்கே பங்குனி, சித்திரை தொடங்கி வெயில் மாதங்களில் ஊருக்கு ஊர் பாரதம் படிப்பார்கள். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாளில் துரியோதனன் படுகளம், சாயங்காலம் தீமிதி. தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. தங்கள் பாட்டன் கப்பலில் எதைக் கொண்டுபோனான் என்பதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் அந்த நாட்களில் வர வேண்டும். ஆனால் அப்போது வெயில் 40 டிகிரியைத் தொடும். குழந்தைகளையும் எழுபது வயதுப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்குத் தை, மாசிதான் நல்லது. பொங்கலுக்குச் சென்னைக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போன பிள்ளைகள் எல்லாம் ஊர் திரும்பியிருப்பார்கள். சொந்தக்காரர்களை ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். ஐப்பசி மழையில் வருவதைத் தவிர்க்கலாம்.

தேதி குறிக்கும்போது பௌர்ணமியைப் பார்த்துக் குறியுங்கள். பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க லட்சக்கணக்கானவர்கள் நடப்பார்கள். வெளியூர் வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். விடுதி வாடகை ஏறிவிடும். கார்த்திகை தீபத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கிரிவலம் போக வேண்டும் என்பதே உங்கள் ஆசையானால் தாராளமாக வாருங்கள். கிராமத்துக்குப் போகும் வேலையை மட்டும் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மாவட்டம் திருவண்ணாமலை என்பதால் எல்லோரும் திருவண்ணாமலையில்தான் தங்க வேண்டும் என்றும் இல்லை. செங்கம், தண்டராம்பட்டு, கீழ்பென்னாத்தூர், கலசபாக்கம், போளூர் ஊர்களுக்கு இந்த நகரம் வசதி. செய்யாறு, வெம்பாக்கம் பக்கமானால் காஞ்சிபுரத்தில் தங்குவது நல்லது. ஆரணிக்கு வேலூரே பக்கம். சென்னை விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் நகரத்துக்குள் போக வேண்டியதில்லை. தெற்கே கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு அரசுப் பேருந்துகள் இருக்கின்றன. 2024 மே மாதத்திலிருந்து சென்னை கடற்கரை நிலையத்தில் கிளம்பி வேலூர் வழியாகத் திருவண்ணாமலை வரும் ரயிலும் ஓடுகிறது. அசதியோடு வருகிறவர்களுக்கு டாக்ஸிதான் சரி.

சட்டக் காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோருக்கு இ-விசா போதும். அதில் இந்தியாவில் ஒருவரின் முகவரி கேட்கும் இடத்தில் கண்டுபிடிக்காத சொந்தக்காரரை எழுதாமல் தங்கும் விடுதியை எழுதுங்கள். ஓசிஐ அட்டை வாங்க நினைக்கும் மொரீஷியஸ்காரர்களுக்கு ஏழாம் தலைமுறை வரை தகுதி உண்டு என்று 2024 மார்ச்சில் இந்தியா அறிவித்திருக்கிறது. அதற்கும் அந்தப் பழைய பதிவுதான் ஆதாரம். டர்பனிலிருந்து வருகிறவர்கள் விமானம் எங்கே மாறுகிறது என்று பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆனால் நைரோபி, அடிஸ் அபாபா வழியாக வந்தால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கக்கூடும். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகே அது செல்லும். கையில் இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடலாம். வந்த விடுமுறையே அதில் போய்விடும்.

கிராமத்தில் உறவு கிடைத்து "இங்கேயே தங்குங்க" என்று பிடித்து வைத்துக்கொண்டால்? தங்கலாம். ஆனால் வெளிநாட்டுக் குடிமகனைத் தங்கவைப்பவர், விடுதியானாலும் வீடானாலும், 24 மணி நேரத்துக்குள் அதைப் பதிவு செய்ய வேண்டும். பாவம், அந்த வீட்டுக்காரருக்கு இது தெரிந்திருக்காது. தெரியப்படுத்த வேண்டியது விருந்தாளியின் கடமை. பகலெல்லாம் கிராமத்தில் இருந்துவிட்டு ராத்திரி விடுதிக்குத் திரும்புவதே இரண்டு பக்கத்துக்கும் சௌகரியம்.

இனி ஊருக்குள் போவோம். காலை பத்து மணிக்குக் காரில் போய் இறங்காதீர்கள். அந்த நேரத்தில் பாதிப் பேர் வயலில் இருப்பார்கள், மீதிப் பேர் அரசின் ஊரக வேலைத் திட்டத்தில். தெருவில் நாயும் கோழியும்தான் இருக்கும். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் போங்கள். கோவில் திண்ணையிலோ டீக்கடையிலோ எழுபதைத் தாண்டிய இரண்டு பேராவது உட்கார்ந்திருப்பார்கள். நிலக்கடலை அறுவடை நாட்களில் போனால் இன்னும் நல்லது; வாசலில் குவித்துப் போட்டுக் காய் ஆய்ந்துகொண்டிருக்கும் பெண்களுக்குக் கைதான் வேலையில் இருக்கும், காதும் வாயும் சும்மாதான் இருக்கும். ஊரின் வம்சாவளி அவர்களிடம்தான் இருக்கிறது. ஒரு பெயரைச் சொன்னால், "அது வடக்குத் தெரு வீடாச்சே" என்று ஆரம்பித்து மூன்று தலைமுறைக்குக் கொண்டுபோய் நிறுத்துவார்கள்.

காகிதத்தைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்துப் பத்துப் பிரதி கொண்டுவாருங்கள். பெயர், தகப்பன் பெயர், புறப்பட்ட வருஷம், எந்த நாட்டுக்கு, குலசாமி, ஊரில் இருந்த உறவினர் பெயர், அவ்வளவு போதும். இங்கிலீஷ் சீட்டின் நகலைக் காட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள். அரசாங்கத் தாள் என்று பயந்துகொள்வார்கள்.

அந்தப் பயம் நியாயமானது. பரம்பரைப் பெயரைச் சொல்லிக்கொண்டு காரில் வந்து இறங்குகிறவரைப் பார்த்ததும் கிராமத்தில் எழும் முதல் எண்ணம், சொத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறாரோ என்பதுதான். வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். பேச்சு மட்டும் சுருங்கிவிடும். நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்: எங்களுக்கு எதுவும் வேண்டாம், பார்த்துவிட்டுப் போக வந்தோம். வெளிநாட்டுக் குடிமக்கள் இங்கே விவசாய நிலம் வாங்கச் சட்டத்திலும் இடமில்லை. கிராம நிர்வாக அலுவலரின் (வி.ஏ.ஓ.) அலுவலகத்துக்குப் போய்ப் பழைய 'அ' நிலப் பதிவேட்டைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், ஊரில் நாலு பேரோடு பழகிய பிறகு போனால் நல்லது. முதல் நாளே அங்கே போனால், கொடுத்த தண்ணீரும் போட்ட காபியும் அத்தோடு நின்றுவிடும்.

பதிவேட்டில் பலருக்குப் பெயர் கிடைக்காது என்பதையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அது நிலம் இருந்தவர்களின் பதிவேடு. கப்பல் ஏறியவர்களில் மிகப் பலர் நிலமில்லாத பண்ணையாட்கள். தாது வருஷப் பஞ்சத்திலும் அதற்குப் பின்னும் ஊரில் பிழைக்க வழியில்லாமல் போனவர்கள்.

இங்கேதான் சீட்டில் இருக்கும் அந்த ஜாதிக் கட்டம் வருகிறது. படிக்கக் கசப்பாக இருந்தாலும் கிளம்பும் முன் அதைப் படித்துவிட்டு வாருங்கள். இந்த மாவட்டத்துக் கிராமங்கள் இன்றும் ஊர் என்றும் தலித்துகள் வாழும் காலனி என்றும் பிரிந்துதான் இருக்கின்றன. இடையில் ஒரு சாலையோ ஒரு வயலோ இருக்கும். உங்கள் முன்னோர் காலனிப் பக்கத்தில் பிறந்தவராக இருந்தால், ஊர்ப் பக்கத்துக் கோவிலைக் காட்டி "இதுதான் உங்க கோவில்" என்று யாராவது சொல்லி அனுப்பிவிடக்கூடும். கூட வரும் டிரைவர் அந்தப் பக்கம் வண்டியை விடத் தயங்கக்கூடும். நீங்கள் தயங்காதீர்கள். அந்தத் தெருவுக்குப் போங்கள். அங்கே கொடுக்கும் தண்ணீரைக் குடியுங்கள், போடும் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். கடல் தாண்டிப்போய்ப் பள்ளிக்கூடமும் கோவிலும் கட்டி எழுந்து நின்ற பரம்பரை ஒன்று தங்கள் தெருவிலிருந்து போனது என்பது அங்கே இருக்கும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். ஃபிஜியில் 1926-இல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றைக்கும் பள்ளிகள் நடத்துகிறது என்ற செய்தியை, அந்தக் கப்பலில் ஏறியவர்களின் சொந்த மண்ணில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்?

கையில் என்ன கொண்டுவருவது? மூத்தவர்களுக்கு வேட்டி, சேலை, வெற்றிலை பாக்கு, பழம். இவற்றைத் திருவண்ணாமலையிலேயே வாங்கிக்கொள்ளலாம். சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாட்டுக் கார்டைக் கிராமத்துக் கடையில் யாரும் வாங்க மாட்டார்கள். வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டியது படங்கள்: பாட்டனுக்குப் படம் இல்லாவிட்டாலும் அவர் பிள்ளைகள், கரும்புத் தோட்டம், அங்கே கட்டிய மாரியம்மன் கோவில், இன்றைய வீடு, பேரப்பிள்ளைகள். செல்போனில் காட்டுவதைவிட அச்சடித்த படம் நல்லது, சுவரில் மாட்டிக்கொள்வார்கள்.

கோவில் திருப்பணிக்கு ஒரு தொகை கொடுங்கள் என்று கேட்பார்கள். மனம் இளகியிருக்கும் நேரம் அது. வெளிநாட்டுக் குடிமகன் ஒரு சங்கத்துக்கோ அறக்கட்டளைக்கோ தரும் நன்கொடை, இந்திய ரூபாயாகவே தந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் (எஃப்.சி.ஆர்.ஏ.) கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு அதை வாங்கக் கூடாது. வாங்கினால் சிக்கல் அவர்களுக்கு. அங்கேயே வாக்குக் கொடுக்காமல், விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வருவதே அவர்களுக்குச் செய்யும் உதவி.

முதல் தடவை எல்லாம் பிடிபடாது. வகையறா பெயர் ஒத்துவரும், தகப்பன் பெயர் ஒத்துவராது. ஊர் சரியாக இருக்கும், தெரு தெரியாது. ஆகவே ஒரே கிராமத்துக்கு இரண்டு சாயங்காலமாவது ஒதுக்குங்கள், நடுவில் ஒரு நாள் விட்டு. முதல் நாள் நீங்கள் சொன்ன பெயர் ராத்திரியோடு ராத்திரியாக வீடு வீடாகப் போயிருக்கும். பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த அத்தைக்குப் போன் போயிருக்கும். இரண்டாம் தடவை போகும்போது உங்களுக்காக யாராவது காத்திருப்பார்கள். கிளம்பும்போது தொலைபேசி எண்ணைப் பெரியவர்களிடம் மட்டும் கொடுக்காமல், கல்லூரியில் படிக்கும் ஒரு பெண்ணிடமோ பையனிடமோ கொடுங்கள். வாட்ஸ்அப்பில் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றிப் பேச அவர்களால்தான் முடியும். தாத்தா பெயர் தெரிந்த அந்த அத்தை அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது, அவர் சொல்வதைக் குரல் பதிவாக எடுத்து அனுப்பவும் அவர்களிடமே சொல்லிவையுங்கள்.